மலையில் காயாத துணி

“புரட்டாசி முதல் ஞாயிறு கடை விடுமுறை. குடும்பத்துடன் மலையில் நடக்கச் செல்கிறோம். திங்கட்கிழமை வழக்கம்போல் உண்டு.”

அருப்புக்கோட்டை பஜாரில் நைட்டிக் கடை வைத்திருக்கிற என் அண்ணன், தன் கடை ஷட்டரில் ஒட்டிய அறிவிப்பு இது. ஒட்டிய வெள்ளிக்கிழமையே போனில் படம் எடுத்து வைத்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கீழே அடிக்கப்பட்ட ஒரு வரியும் தெரியும்: “மொத்த ஆர்டருக்குப் போன் செய்யவும்.” எழுதியவர் அண்ணன். அடித்தவர் மதினி. அடித்த அடியில் தாள் கிழிந்திருக்கிறது.

துக்கத்துக்கும் தேர்தலுக்கும் கடை மூடியதுண்டு. சும்மா மூடியதில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நரிக்குடியிலிருந்தும் எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் ஜனங்கள் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் டவுனுக்கு வந்து இறங்குகிற நாள் அது. ஆகவே இந்த நிகழ்ச்சிக்கு ஒரு பதிவு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

இதற்குக் காரணம் மதினியின் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோட்டில் நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, “என்ன மதினி, பஸ்ஸு போயிருச்சா?” என்று ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அதனால் அவர் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே நடந்தார். நடந்து நடந்து தொட்டியைப் பார்த்தாலே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது.

“ஒரு நாளாச்சும் நடந்தா எங்கயாவது போய்ச் சேரணும் கொழுந்தனாரே,” என்றார் என்னிடம். “இது என்ன, செக்குல கட்டுன மாதிரி.”

அவருடைய போனில் ஒரு காணொளி இருந்தது. போடியிலிருந்து மேற்கே மலையேறுகிற நெடுஞ்சாலை. அந்தச் சாலையை ஒட்டி, காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய நடைபாதைகள். அவற்றில் மூன்றை மதினி தேர்ந்தெடுத்திருந்தார். முதலாவது ஓர் ஓடையோடு முடியும். இரண்டாவது தேயிலைத் தோட்டத்துக்குள் போகும். மூன்றாவது புல்மேடு வழியே ஏறி மலையின் விளிம்பில் போய் நிற்கும். அங்கிருந்து கீழே சமவெளி முழுவதும் தெரியும். மதினிக்கு வேண்டியது இந்த மூன்றாவது. அதன் முனையில், அண்ணன் பக்கத்தில் நிற்க, நம்ம கரிசக்காட்டை மேலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த ஒரு நாள் அண்ணன் யாவாரம் பேசக்கூடாது.

அண்ணன் கல்லாப்பெட்டியில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மற்றவர்கள் கற்பூரத்தில் அடித்துச் சொல்வதை அவர் கல்லாப்பெட்டியில் சொல்வார். அது மீறப்பட்டதாக அதுவரை பதிவு இல்லை.

சனிக்கிழமை கடைக்கு வந்தவர்கள் ஷட்டரைப் படித்துவிட்டு ஒரே முடிவுக்கு வந்தார்கள். புரட்டாசி மாதம், மலை, நடை. வேறென்ன?

“திருப்பதிக்கா அண்ணாச்சி?” என்றார் நரிக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள்.

“இல்லம்மா. போடிப் பக்கம். சும்மா நடக்க.”

“சும்மான்னா?”

“சும்மாதான்.”

அந்த அம்மாள் அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தார். வெளியே சொல்ல முடியாத வேண்டுதல் என்று முடிவு செய்துகொண்டார் போல. முந்தானையில் இருந்த காசை எடுத்து, கடையில் கிடந்த துணித் துண்டு ஒன்றில் முடிந்து, “எம்பேரச் சொல்லி அந்தச் சாமிக்குப் போட்ருங்க,” என்று கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து அடுத்தவர். சாயங்காலத்துக்குள் மழை வேண்டியும், மகளுக்கு மாப்பிள்ளை வேண்டியும், வெள்ளாடு ஈன வேண்டியும் முடிச்சுகள் சேர்ந்துவிட்டன. வாடிக்கையாளர்களை அண்ணன் மறுத்துப் பேசுவதில்லை. மறுநாள் மலையடிவாரத்தில் ஒரு பிள்ளையார் உண்டியலில் எல்லாவற்றையும் போட்டார். பிள்ளையாருக்கு எது யாருடையது என்று விளக்கம் சொல்ல நான்தான் நிற்க வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த வரையில், பழைய இலக்கியத்தில் மலைக்குப் போனவர்கள் பரிசில் வாங்கப் போனார்கள், வேட்டைக்குப் போனார்கள், காதலியைப் பார்க்கப் போனார்கள். சும்மா நடக்கப் போனவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. நரிக்குடி அம்மாள் மீது குற்றமில்லை.

வேனில் நாங்கள் ஐந்து பேர், ஓட்டுநரோடு ஆறு. அண்ணன், மதினி, நான், என் மனைவி, பிறகு மதினியின் தம்பி. மதினியின் தம்பியை நாங்கள் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவோம். போர்வெல் மோட்டார் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். வரும்போதே பெரிய தண்ணீர் கேன்கள் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“ஏலே மாப்ள, மலைல தண்ணி கெடைக்காதா?” என்றார் அண்ணன்.

“கெடைக்கும்னு யாரு சொன்னா அத்தான்? நீங்க பாத்தீகளா?”

பாலவனத்தம் தாண்டும்போது விடிந்தது. விருதுநகர், திருமங்கலம், உசிலம்பட்டி, தேனி என்று போகப் போகப் பச்சை கூடியது. போடி தாண்டிச் சாலை மலையில் ஏறத் தொடங்கியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தோம். வளைவுக்கு வளைவு பாறையிலிருந்து தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடியது. குழாய் இல்லை, மோட்டார் இல்லை, பாத்திரம் வைத்து யாரும் பிடிக்கவில்லை. கேட்பாரற்று ஓடியது.

“எங்கயோ லைனு ஒடஞ்சிருக்கு,” என்றார் மாப்பிள்ளை. அப்படியும் அவர் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. தாகம் எடுத்தபோது கேனைத் திறந்து ஆளுக்கொரு டம்ளர் நம்மூர்த் தண்ணீர் கொடுத்தார். அருவிக்கு எதிரே நின்று அதைக் குடித்தோம். உப்புக் கரித்தது.

முதல் பாதைக்கு வந்து சேர்ந்தோம். ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டு இறங்கி, மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்ததும் ஓடை. முழங்கால் ஆழம், கண்ணாடி மாதிரி. ஆளில்லை. நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம். அடுத்து நடந்ததற்கு யாரும் யோசனை சொன்னதாக எனக்கு நினைவில்லை. தானாக நடந்தது.

எங்கள் பக்கத்தில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குளிக்காமல் போவதென்றால் அது தண்ணீரை அவமதிப்பது மாதிரி. ஆண்கள் கீழே, பெண்கள் பாறைக்கு அந்தப் பக்கம். கட்டியிருந்த துணியோடே இறங்கினோம். குளித்தால் மட்டும் போதுமா? குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்காகத் துணியைச் சேர்த்து வைக்கிறவர்கள் நாங்கள். சோப்புப் போடக்கூடாது என்று பலகை இருந்தது. மதித்தோம். சோப்பில்லாமல் வேட்டி, சட்டை, சேலை, பாவாடை எல்லாவற்றையும் அலசிப் பிழிந்தோம். மாப்பிள்ளை ஓடிப்போய் வேனிலிருந்து சீட்டு உறைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் மிதியடிகளைக் கொண்டுவந்தார். “ஜமுக்காளம் இருக்கா?” என்று பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. காலையில் போய் மாலையில் திரும்புகிற பயணம். எங்கள் ஊரில் மாற்றுத் துணி என்பது வெயில்தான். வேட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தால், கை கழுவ எழுந்திருக்கும்போது காய்ந்து விறைத்து நிற்கும். பஞ்சாயத்துக் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு நடந்து, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் காய்ந்து போனவர்கள் உண்டு. அந்தக் கணக்கில்தான் துணியெல்லாவற்றையும் நெடுஞ்சாலையோரத் தடுப்புக் கம்பியில் வரிசையாகக் காயப்போட்டோம். ஆண்கள் இடுப்பில் துண்டோடு நின்றோம். பெண்கள் இருவரும் விடியற்காலைக் குளிருக்காகக் கொண்டுவந்த போர்வைகளைச் சுற்றிக்கொண்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொண்டுவந்த காராச்சேவைப் பிரித்தோம். தின்று முடிக்கும்போது துணி காய்ந்திருக்க வேண்டும்.

சேவு தீர்ந்தது. அண்ணன் எழுந்து போய்த் தன் வேட்டியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். துணியைத் தொட்டே நூல் நம்பர் சொல்லக்கூடிய விரல்கள்.

“இன்னும் அஞ்சு நிமிசம்,” என்றார்.

வேனின் ஜன்னல் இடுக்கில் மதினியின் முகம் தெரிந்தது. “காஞ்சிருச்சா?”

“அஞ்சு நிமிசம்.”

கார்கள் எங்களைத் தாண்டும்போது வேகம் குறைத்தன. ஒரு காரிலிருந்து குழந்தை ஒன்று கையசைத்தது. மாப்பிள்ளை பதிலுக்குக் கையசைத்தார், இன்னொரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு. அண்ணன் மறுபடியும் போய்த் தொட்டார். மறுபடியும் அஞ்சு நிமிசம். எத்தனை அஞ்சு நிமிசம் போயிற்று என்று நான் குறிக்கவில்லை. குறிப்பேடு சட்டைப் பையில் இருந்தது. சட்டையைத்தான் அலசியாயிற்றே.

“அத்தான், இங்க வெயிலு இருக்கு, ஆனா வேலை செய்யல,” என்றார் மாப்பிள்ளை, மேலே பார்த்து. “வோல்டேஜ் கம்மி.”

இரண்டாவது பாதை, தேயிலைத் தோட்டத்துப் பாதை, இப்படியே போய்விட்டது. “மூணாவது போதும்,” என்று மதினி ஜன்னல் வழியே சொன்னார். பிறகுதான் அது வந்தது. மேலே வளைவில் வெள்ளையாக ஏதோ ரோட்டில் இறங்கி வருவதைப் பார்த்தோம்.

“எவனோ குப்பைய எரிக்கான்,” என்றார் அண்ணன்.

அது மஞ்சு, மலையில் இறங்குகிற மூடுபனி. எங்கள் மேல் மெதுவாக வந்து படிந்து, கம்பியில் தொங்கிய துணிகளுக்குள் புகுந்து நின்றது. அண்ணன் அடுத்த தடவை வேட்டியைத் தொட்டபோது அவர் முகம் மாறியது. தொட்ட விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு துணி அவரிடம் எதிர்த்துப் பேசியது போலிருந்தது.

“போட்டப்ப இருந்ததவிட ஈரமா இருக்குலே,” என்றார் தாழ்ந்த குரலில்.

பிறகு மதினி பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி. வண்டிய எடுக்கச் சொல்லுங்க. ஈரத்தோட அப்படியே வீட்டுக்குப் போவோம். நமக்கு மாடிதான்.”

என் மனைவி, “இருங்கக்கா,” என்றாள். ஆனால் எதற்கு இருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஈரச் சேலையோடு குளிரில் மலையேற முடியாது. போர்வையோடும் ஏற முடியாது. மஞ்சு இறங்கிவிட்டால் மூன்றாவது பாதையை அடைத்துவிடுவார்கள் என்று காணொளியிலேயே சொல்லியிருந்தார்கள்.

அப்போது ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஓட்டுநரைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்ததால்தான் நான் கவனித்தேன். ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். கடைசிச் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் அண்ணனைப் பார்த்தார்.

“என்னப்பா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மொதலாளிதான் சொல்லணும்.”

அண்ணனின் மனதில் அந்த நேரம் ஓடியது எதுவென்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். வாயைத் திறந்தால் கல்லாப்பெட்டி மீது செய்த சத்தியம் போயிற்று. திறக்காவிட்டால் மதினியின் பாதை போயிற்று. துண்டோடு நடுரோட்டில் நின்று அவர் இதை யோசித்தார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு வேனின் பின்கதவைத் திறந்து, கடைசிச் சீட்டுக்கு அடியிலிருந்து, சாக்கில் கட்டிய ஒரு மூட்டையை இழுத்தார். பெரிய மூட்டை.

மதினி போர்வையோடு எட்டிப் பார்த்தார். “இது என்னது?”

“தீபாவளிச் சரக்கு. மேல ஒரு கடைக்காரரு சாம்பிளு கேட்டாரு.”

“எப்ப ஏத்துனீக?”

“அது… நேத்தே வண்டில கெடந்திருக்கும்.”

“தானா ஏறிச்சா?”

அண்ணன் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே முழுக்க நைட்டி. மயில், மாங்காய், ரோஜா, பெரிய பெரிய சூரியகாந்தி. காய்ந்து, மடிப்புக் கலையாமல், புதுத்துணி வாசனையோடு. மதினி அதையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்வைக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“எடுங்க அந்த மாங்காய,” என்றார்.

பெண்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஒரு நிமிடத்தில் உடுத்தி இறங்கிவிட்டார்கள். நாங்கள் நால்வரும் துண்டோடு நடுங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“ஆம்பளைக்கு எதுவும் இல்லையா அத்தான்?” என்றார் மாப்பிள்ளை.

“நைட்டிக் கடைல ஆம்பளைக்கு என்னலே இருக்கும்?”

“நான் போட மாட்டேன்.”

“அப்ப இங்கனயே நில்லு, காய்ஞ்ச பெறகு வா,” என்றார் மதினி.

மாப்பிள்ளை ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அண்ணன் இப்போது முழுக் கடைக்காரராக மாறிவிட்டார். ஆளை ஏற இறங்கப் பார்த்து, கழுத்தைக் கண்ணாலேயே அளந்து, உள்ளேயிருந்து உருவி எடுத்தார். “மாப்ளைக்கு மயிலு எடுப்பா இருக்கும். தம்பி, நீ கொஞ்சம் கருப்பு, உனக்கு இந்த மஞ்ச. டிரைவரு, உயரத்துக்கு எக்ஸ்எல் தாரேன், ஜிப்பு வேணுமா, பட்டனா?” தனக்கு அவர் எடுத்துக்கொண்டது சூரியகாந்தி. அது விற்காத டிசைன் என்று பிறகு தெரிந்தது.

அணிந்த அனுபவத்தையும் பதிய வேண்டும். அது மிகவும் வசதியான உடை. காற்று நன்றாக உள்ளே வருகிறது. ஏன் நம்மூரில் பெண்கள் அதை விட்டு இறங்க மறுக்கிறார்கள் என்பது எனக்கு அன்று புரிந்தது.

நாங்கள் கிளம்ப எத்தனித்தபோது என் மனைவி குறுக்கே நின்றாள். “அப்படியேவா வெளிய போறீக?”

“வேற என்ன?”

“மேல துண்டப் போடுங்க. நைட்டியோட துண்டில்லாம ரோட்டுக்கு வருவாகளா? பாக்குறவுக என்ன நெனைப்பாக?”

நால்வரும் மரியாதையாகத் துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டோம். ஈரத் துணிகள் கம்பியிலிருந்து வேனுக்கு மாறின. மூன்றாவது பாதைக்கு வேன் கிளம்பியது.

பாதையின் முகப்பில் ஒரு சங்கிலி. பக்கத்தில் நாற்காலியில் ஒரு காவலர், சங்கிலியை மாட்டுவதற்காக எழுந்துகொண்டிருந்தார். வேனிலிருந்து மாங்காய் இறங்கியது, ரோஜா இறங்கியது, பிறகு மயில், மஞ்சள், சூரியகாந்தி, கடைசியாக ஜிப் வைத்த எக்ஸ்எல். காவலர் சங்கிலியை விட்டுவிட்டார். மீசையோடு நால்வர் துண்டு போர்த்தி நிற்பதைப் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றினார்.

“எந்தக் கோயிலுங்க?” என்றார் பணிவாக.

“கோயிலு இல்ல,” என்றார் மதினி. “நடக்க வந்தோம். முனை வரைக்கும்.”

“மஞ்சு எறங்கிருச்சே அம்மா. அடைக்கணும்.” மறுபடி எங்களைப் பார்த்தார். “வேண்டுதல்னு சொல்லுங்க, விட்டுர்றேன்.”

“வேண்டுதல் இல்லைங்க. சும்மாதான்.”

“சும்மா யாரும் இப்படி வரமாட்டாங்கம்மா,” என்றார் அவர், எல்லாம் தெரிந்தவர் போல. “சொல்லக்கூடாதுன்னு இருக்கும். நான் கேக்கல. வெரசாப் போயிட்டு வாங்க.” சங்கிலியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டுநர் வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நழுவிக்கொண்டார். நாங்கள் ஐவரும் ஏறினோம்.

நல்ல பாதை. ஒரு முள் இல்லை. நாங்கள் பழக்கத்தால் கீழேயே பார்த்து, கருவேல முள்ளுக்காகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே போனோம். அண்ணன் நைட்டியை வேட்டி மாதிரி மடித்துக் கட்டப் பார்த்தார். அதற்கு அது இடம் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மதினி முன்னால். மாடியில் பழகிய நடை. தொட்டி இல்லாததால் நேராகப் போனார்.

பாதி வழியில் எதிரே ஒரு கூட்டம் இறங்கி வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள், ஏதோ காலேஜ் ஆசிரியைகள், மேலே பெய்த தூறலில் தொப்பலாக நனைந்து பல் கிட்டிப்போய். எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களில் ஒருவர் அண்ணனின் சூரியகாந்தியை விரலால் தொட்டார்.

“காட்டனா? ஈரமில்லையே! எங்க வாங்குனீங்க சார்?”

“நனைஞ்சு சாகுறோம் சார். பக்கத்துல கடை இருக்கா?” என்றார் இன்னொருவர்.

பதினைந்து வாடிக்கையாளர்கள். மூட்டை கீழே வேனில். அண்ணனின் வாய் திறந்தது. நான் பார்த்தேன். உள்ளே சொல் தயாராக இருந்தது. மதினி நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய மாங்காய்கள் மஞ்சுக்குள் மங்கிக்கொண்டே போயின. இன்னும் நாலு எட்டு வைத்தால் தெரியாது.

“கடை இன்னைக்கு லீவும்மா,” என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டு நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மதினியை எட்டிப் பிடித்ததும் மூச்சு வாங்கியபடி, “மொத்தமா எடுத்திருப்பாக,” என்றார்.

“திரும்பிப் போறீகளா?”

“இல்ல, சும்மா சொன்னேன்.”

“யாவாரம் பேசாதீக.”

“பேசல.”

இருவரும் அதற்குமேல் சேர்ந்தே நடந்தார்கள்.

பாதை ஓர் இரும்பு வேலியில் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. வெள்ளைக்குள் காற்று மட்டும் அடித்தது. மதினி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். நாங்கள் மூவரும் சற்றுப் பின்னால். இவ்வளவு பாடுபட்டு வந்து பார்த்தது, வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒன்று.

“அந்தா தெரியுது பாருங்க,” என்றார் மதினி, வெள்ளைக்குள் கையை நீட்டி. “அருப்புக்கோட்டை.”

“ஆமா,” என்றார் அண்ணன், யோசிக்காமல்.

“பஜாரு தெரியுதா?”

“தெரியுது. கடை மூடியிருக்கு.”

மாப்பிள்ளைக்கும் ஆசை வந்துவிட்டது. “அக்கா, நம்ம மோட்டாரு கடைல லைட்டு எரியுது. அணைக்காம வந்துட்டேன் போல.”

“ஒங்க மாடில சேலை காயுதுக்கா,” என்றாள் என் மனைவி. “காஞ்சிருச்சு.”

என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். “கொழுந்தனாருக்குக் கண்ணாடிய மாத்தணும்,” என்றார் மதினி. அவர் முகத்தில் ஈரம், மூக்கு சிவந்திருந்தது, அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. “நடந்து வந்து சேந்துட்டோம்ல,” என்று அண்ணனிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

கீழே வந்தபோது அந்த ஆசிரியைகள் சங்கிலிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மதினி அவர்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “சத்தியம் ஒங்களுக்குத்தான். எனக்கில்ல,” என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து மூட்டையை இழுத்தார். நின்ற இடத்திலேயே கடை தொடங்கியது. அண்ணன் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். மதினி சொல்கிற விலை ஒவ்வொன்றும் அவர் முகத்தில் தெரிந்தது. பேச முடியாமல் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரே ஒரு தடவை மட்டும் தாங்க முடியாமல் தும்மினார்.

காவலர் அருகே வந்தார். “போயிட்டு வந்தீங்களா அம்மா? எந்த வேலி வரைக்கும் போனீங்க?”

மதினியின் கை நின்றது. “எந்த வேலின்னா?”

“இல்ல, மொதல்ல ஒரு கம்பி வேலி வரும். அதச் சுத்திப் போனா அப்பறம்…”

“இந்தாங்க,” என்று மதினி ஒரு ரோஜா நைட்டியை எடுத்து அவர் கையில் திணித்தார். “ஒங்க வீட்ல குடுங்க. தீபாவளிக்கு.”

காவலர் அதைப் பிரித்துப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார். நான் அவரிடம் போய் விசாரிக்கலாம் என்று ஓர் அடி வைத்தேன். மதினி என்னைப் பார்த்தார். நான் வேனில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை கடை வழக்கம்போல் திறந்தது. வந்தவர்கள் எல்லோரும் தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்று கேட்டார்கள். நன்றாகக் கிடைத்தது என்றார் அண்ணன்.

அந்த முனையின் படங்களை வலையில் தேடிப் பார்த்தேன். சிலர் எடுத்த படங்களில் பச்சை வேலி, சிலவற்றில் வேலியே இல்லை, ஒரு படத்தில் வெறும் பாறை. நாங்கள் எடுத்த படங்களில் நைட்டிகளைத் தவிர எல்லாம் வெள்ளை. மதினியிடம் கேட்டால் அதுதான் முனை என்கிறார். அண்ணனிடம் கேட்டால், உன் மதினி சொன்னது சரி என்கிறார். அன்று நாங்கள் நின்ற இடம் பாதையின் கடைசி முனையா, அல்லது அதற்கு முன்னால் வருகிற முதல் வேலியா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.